எதிர்க்கடையில் அண்ணியின் பெயர்

என் பெயரில் ஒரு முடிதிருத்தும் கடை இருந்தது. பெண்களுக்கான கடை. வாசலை அடைத்த மாதிரி பெரிய பலகை, அதில் என் பெயர், பொழுது சாய்ந்தால் அதற்கு விளக்கு வேறு. அந்தக் கடைக்குள் நான் மட்டும் கால் வைக்கக் கூடாது. கூடப் பிறந்த அண்ணன் எனக்குச் செய்த மரியாதை அது.

இடமும் நாற்காலிகளும் அண்ணன் போட்டவை, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "உம் பேரையே வச்சிடலாம், ராசியா இருக்கும்" என்று அவன் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி என்னுடையது. சுருட்டை முடியை ஈரத்தோடு வெட்டினால் காய்ந்ததும் மேலே ஏறிக்கொள்ளும், காயவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நான் அப்படித்தான் வெட்டுவேன். அதனால் போனில் பேசுகிறவர்கள் என் பெயரைச் சொல்லித்தான் நேரம் கேட்பார்கள். கல்லாவில் உட்கார்ந்து போனை எடுக்கும் அண்ணிக்கு அது தொண்டையில் முள். "கடைக்கு ஒரு முதலாளியம்மா இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியல" என்று என் காதுபடவே சொல்வாள்.

ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். கட்டுப் பிரித்த கையோடு நேரே கடைக்குப் போனேன். முதல் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒரு பெண் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் சட்டையில் என் பெயர் போட்ட பேட்ஜ். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. அண்ணி எடுத்து என் பெயரைச் சொன்னாள். "இருக்காங்களே, வாங்க. அவங்களேதான் வெட்டுவாங்க." கண் என்மேல்தான் இருந்தது.

அண்ணன் என்னை வெளியே அழைத்துப் போனான். "கோவிச்சுக்காத. உன் கை பழையபடி வருமோ என்னமோ. கடை நடக்கணும்ல? பேரு கடையோடது. ஆளு மாறும்."

"அப்ப நான் யாருண்ணா?"

"நீ என் தங்கச்சி. அத யாரால மாத்த முடியும்?"

கை பழையபடி வந்தது. நாற்காலி வரவில்லை. அங்கே வேலைக்கு வந்த பெண்கள் ஒருத்தி போனால் இன்னொருத்தி என்று மாறினார்கள். யார் வந்தாலும் அவளுக்கு என் பேட்ஜ். அதில் ஒருத்தி சாயத்தைக் கண்டபடி கலந்து ஒரு அம்மாவின் உச்சந்தலையைப் புண்ணாக்கிவிட்டாள். அந்த அம்மாளின் மகள் என்னைப் பேருந்தில் பார்த்து, "உங்க பேர நம்பித்தானே அனுப்பினேன்" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன், என் பெயர் வெளியே போய்க் கெட்டுக்கொண்டிருந்தது. அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் உலை வைத்திருக்கலாம்.

அண்ணன் கடைக்கு நேர் எதிரே செருப்புக் கடை ஒன்று காலியானது. அதைப் பிடித்தேன். பலகை எழுதக் கொடுப்பதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. முடி வெட்டும் தொழிலுக்கு அந்தப் பெயரை அண்ணன் தன் கடைக்கென்று பதிந்து வைத்திருக்கிறானாம். என் பெயரை நான் போட்டால் குற்றமாம்.

எனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தப் பேர்ல நீங்க வெட்ட முடியாது. வேற பேரு வச்சுக்குங்க."

"வேற எந்தப் பேருன்னாலும் வைக்கலாமா?"

"யாரும் பதியாத பேரா இருந்தா போதும்."

"அண்ணி பேர யாராவது பதிஞ்சிருக்காங்களான்னு பாருங்களேன்."

வக்கீலம்மா தேடிப் பார்த்தார். யாரும் பதியவில்லை. அடுத்தவள் பெயருக்குப் பூட்டுப் போட ஓடியவர்களுக்குத் தங்கள் வீட்டுப் பெயர் திறந்து கிடப்பது தெரியவில்லை. கடைக்கு மட்டும் வைத்தால் போதும் என்றார் வக்கீலம்மா. எனக்குப் போதவில்லை. நான் எங்கே போனாலும் அந்தப் பெயர் என்னோடு வர வேண்டும்.

பெயர் மாற்றும் அலுவலகத்தில் இருந்தவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். "இருந்த பேரே நல்லாத்தானே இருக்கு. இது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பேரோ?"

"பிடிக்கவே பிடிக்காது சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

பலகை ஏறிய அன்று காலை அண்ணி கடை திறக்க வந்தாள். நிமிர்ந்து படித்தாள். திரும்பவும் படித்தாள். கையிலிருந்த சாவி கீழே விழுந்தது கூடத் தெரியாமல் நின்றாள். அந்த ஒரு காட்சிக்காக நான் இன்னும் நாலு தடவை பெயர் மாற்றிக்கொள்வேன்.

கடைக் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்ததும் பழைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெயரைச் சொன்னாலே தெருவில் நான்தான். அண்ணியைக் குறித்துப் பேச வேண்டி வந்தால், "வெட்டுறவங்களா, கல்லாவுல இருக்கறவங்களா?" என்று கேட்டார்கள். பிறகு அதுவும் சுருங்கிக் கல்லாக்காரி ஆயிற்று. அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி, "உன் கைத்தொழிலப் பத்திதான் எங்க பார்த்தாலும் பேச்சு" என்று கட்டிப்பிடித்து மெச்சினாளாம். உண்மையைச் சொல்ல அண்ணிக்கு வாய் வரவில்லையாம். கேட்டு நான் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் சாப்பிட்டேன். அம்மா மட்டும் எந்தப் பெயரையும் சொல்லாமல் என்னை வெறும் "ஏடி" என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு மதியம் அண்ணி என் கடைக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் நான் துணியை எடுத்து உதறிவிட்டேன்.

"வெட்டிக்க வரல" என்றாள். கண்ணாடியில்தான் என்னைப் பார்த்தாள். "உன் பேர உனக்கே குடுத்திடுறோம். பலகைய இறக்கிடுறோம், பதிவையும் எடுத்திடுறோம். எம்பேர எனக்குக் குடுத்திடு."

"மொதல்ல இறக்குங்க அண்ணி."

இறக்கினார்கள். பதிவை நீக்கிய தாளும் என் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவளும் அண்ணிதான். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எப்ப மாத்துவ?"

"மாத்தல அண்ணி. எனக்கு இது பழகிடுச்சு" என்றேன். "வேணும்னா என் பழைய பேர நீங்க வச்சுக்குங்க. சும்மாதானே கெடக்கு."

அவள் முகம் ஒரு கணம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. அழுதாள். எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், மனசார இனித்தது. கதவு வரை கூடவே போய்த் திறந்துவிட்டேன்.

எதிர்ப் பக்கத்து நடைபாதையிலிருந்து யாரோ ஒரு அம்மா கையை உயர்த்தி அண்ணியின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினாள். நான் திரும்பவில்லை, யாரையோ என்று நின்றேன். அந்த அம்மா அண்ணியைத் தாண்டி என்னிடம் வந்து, "எத்தன தடவ கூப்பிடுறது, காது கேக்கலையா?" என்றார்.