கிணற்றுக்கு வெள்ளையடித்த சம்பந்தி

பெண் வீட்டார் வருகிறார்கள் என்றால் எல்லோரும் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊர்க்காரரான ராஜாராம் கிணற்றுக்கும் சேர்த்து அடித்தார். அதுவும் வெளிப்பக்கம் மட்டுமல்ல. உள்ளே, தண்ணீர் மட்டம் வரைக்கும்.

பெயிண்டர் கேசவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தான். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினான். அதன்மேல் இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்துவிட்டு அவன் மேலே ஏறி வந்தபோது அவனும் பாதி வெள்ளையாக இருந்தான்.

"அண்ணாத்த, இப்ப எட்டிப் பாரு. கெணறா இது? கொக்கு மாதிரி கீது!"

ராஜாராம் எட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாக நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்று அன்றைக்குத்தான் நீங்கியது.

அவருடைய சங்கடம் அப்படி. மருமகளாக வரப்போகும் சுவேதா ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவாள். வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் நேராகக் கிணற்றடிக்குப் போவாள். ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, கல்லில் ஒட்டியிருக்கும் பச்சைப் பாசியை அரை நாள் பார்ப்பாள். கேட்டால், "ஆராய்ச்சி பண்ணிக்கினு கீறா, நைனா" என்பான் மகன் வசந்த். மாமனார் வீட்டு அழுக்கை ஒரு பெண் கண்ணாடி போட்டு ஆராய்ச்சி செய்தால் எந்த மனிதனுக்குத்தான் மானம் போகாது? சிறுசேரி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் தன் இரண்டு வேன்களைத் தினமும் கழுவிப் பொட்டு வைக்காமல் வண்டியை எடுக்காதவர் ராஜாராம்.

அதற்கு மேல் ஒரு கணக்கும் அவர் மனதில் ஓடியது. சுவேதாவின் அப்பா ஆனந்தன், கல்பாக்கத்தில் டெக்னீஷியன். எதையும் மூன்று தரம் சரிபார்க்காமல் தலையாட்டாத மனிதர். அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகளுடைய ஆராய்ச்சிக்கு வேண்டியதெல்லாம் இந்தக் கார்த்திகைக்குள் கிடைத்துவிட்டால் தையில் கல்யாணம். இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலம் முடிந்த பிறகுதான் பேச்சு. கிணறு சுத்தமாகிவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது, ஆராய்ச்சி சட்டென்று முடிந்துவிடும் என்று ராஜாராம் நம்பினார்.

அன்று மாலை வேலை முடிந்து வந்த வசந்த், கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான். போனவன் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நைனா... இன்னா பண்ணி வச்சிருக்க?"

"எப்டி கீது? ஞாயித்துக்கிழமை வராங்க இல்ல?"

"அவ ஆராய்ச்சியே அந்தப் பச்சதான் நைனா! தண்ணி இல்ல, கல்லு இல்ல, அந்தப் பச்ச! ரெண்டு வருசமா அது விதை மாதிரி ஒரு தூள் விடுறதுக்குக் காத்துக்கினு கீறா. இந்த மாசம் விடும்னு போன வாரம்தான் குதிச்சா!"

ராஜாராமின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. "அப்ப தை?"

"தையாவது! அடுத்த கார்த்திகை."

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஜெகதாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாசலுக்கு அடியான்னு சொன்னா கெணத்துக்குள்ள எறங்கி அடிச்ச ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா! அந்தப் பொண்ணு மொதநாளு கெணத்த எட்டிப் பாத்தப்ப, வுழப்போறான்னு நான்தான் கத்தினேன். இவன் ஓடிப்போய் இடுப்பப் புடிச்சான். அதுலதான் இந்தச் சம்பந்தமே வந்துச்சு. அந்தக் கெணத்துக்கே நீ கருமாதி பண்ணிட்ட."

மறுநாள் ராஜாராம் வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக் கிணறுகளையெல்லாம் எட்டிப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்க்கிற பைத்தியம் என்று முன்பு சுவேதாவைச் சொன்ன ஊர், இப்போது அவரைச் சொன்னது. "இன்னா மாமா, துட்டு ஏதாச்சும் உள்ள வுழுந்துடுச்சா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல், தோசைக் கரண்டியால் பாசியைச் சுரண்டி இரண்டு பக்கெட் நிறைய எடுத்து வந்தார். பச்சை பச்சைதானே, ஒட்டி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

எதைப் போட்டு ஒட்டுவது என்று வசந்த் போனில் தேடினான். "மோருல கலந்து பூசினா புடிச்சுக்கும்னு போட்டிருக்கான் நைனா."

"மோரா?" என்றாள் ஜெகதாம்பாள். "எனக்குச் சோத்துக்கு ஊத்த மோரு இல்ல, கெணத்துக்கு மோராம்! ஊறுகாயும் வேணுமான்னு கேளு."

சனிக்கிழமை முழுவதும் அப்பாவும் மகனும் மாறி மாறிக் கயிற்றில் தொங்கிப் பூசினார்கள். சாயங்காலம் பார்த்தபோது, கிணறு வெள்ளைச் சட்டையில் புதினா சட்னி கொட்டியது போல இருந்தது. எங்கிருந்தோ எறும்புகள் சாரி சாரியாக வந்தன. பக்கத்து வீட்டுப் பூனை கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்து நிதானமாக நக்கத் தொடங்கியது. துரத்தினால் போகும், திரும்பினால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆனந்தனும் அவர் மனைவி விஜயகுமாரியும் சுவேதாவோடு வந்து இறங்கினார்கள். தட்டில் பழம், பூ, வெற்றிலை எல்லாம் இருந்தன. விஜயகுமாரி முகத்தில் சிரிப்பு. ஆனந்தன் முகத்தில் சரிபார்ப்பு.

சுவேதா செருப்பைக் கழற்றிவிட்டு வழக்கம்போலக் கிணற்றடிக்குத் திரும்பினாள்.

"யம்மா, மொதல்ல காப்பி குடி" என்று ராஜாராம் குறுக்கே வந்தார்.

"பார்த்துட்டு வந்துடறேன் மாமா."

"நாஸ்தா ஆறிடும்மா."

"ஒரே நிமிஷம்."

"அங்க... அங்க பாம்பு கீதும்மா!"

"எங்க மாமா?" என்று ஆவலோடு ஓடினாள் அவள். அவள் அப்படிப்பட்ட பெண் என்பது அவசரத்தில் ராஜாராமுக்கு மறந்துபோயிருந்தது.

எல்லோரும் பின்னாலேயே போனார்கள். பூனை சுவரில் இருந்தது. சுவேதா கிணற்றைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், குனிந்து முகர்ந்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து ஒரு பச்சைத் திட்டை உற்றுப் பார்த்தாள்.

"மாமா, இது யாரு?"

ஏதோ அழையாத விருந்தாளியைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டாள். ராஜாராமுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"என் மச்சான் வூட்டுக் கெணத்துதும்மா. உன்னுத நான்தான் தேச்சுட்டேன். நீ எங்க வூட்டு அழுக்கப் பாத்துக்கினு கீறியேன்னு வெக்கமாப் பூடுச்சு. சீக்கிரம் கல்யாணம் ஆவட்டும்னுதான் பண்ணேன். புத்தி கெட்டுப்போய்ப் பண்ணேன்."

சுவேதா கண்ணாடியைக் கீழே வைத்தாள். கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வசந்த் பக்கத்தில் போய் நின்றான். தொடத் துணிவு வரவில்லை.

ஆனந்தன் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னது சொன்னதுதான் சார். அடுத்த வருஷம் பார்க்கலாம். தட்டு அப்படியே இருக்கட்டும்."

"அப்டி இன்னாதான் கீது அந்தப் பச்சயில?" ஜெகதாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "நாலு மழ பேஞ்சா வேற மொளைக்காதா?"

சுவேதா நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பச்சையைப் பற்றி யார் கேட்டாலும் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுடைய பலவீனமே அதுதான்.

"அத்தை, ஒரு காலத்துல தண்ணிக்கு வெளியே ஒண்ணுமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமி கொஞ்சம் இருந்திருக்கலாம். மத்தபடி வெறும் பாறை. மண்ணுகூட இல்ல. எல்லா உயிரும் தண்ணிக்குள்ளதான். அப்போ, ஒரு நாப்பத்தேழு கோடி வருஷத்துக்கு முன்னாடி, பாசிக் குடும்பத்துல இருந்து ஒண்ணு மட்டும் கரை ஏறுச்சு. இதோ இங்க இருந்துதே, அதுக்கு முன்னோர். வேர் கிடையாது, தண்டு கிடையாது. கல்லோட ஒட்டிக்கிட்டு, கல்லையே கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு மண்ணாக்குச்சு. அதோட வாரிசுங்க வளர்ந்து காடாச்சு, காத்துல நாம மூச்சு விடுற அளவுக்குப் பிராணவாயு ஏறுச்சு. நிழல் வந்துச்சு. சாப்பாடு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பூச்சி வந்துச்சு, கால் வெச்ச மிருகங்க வந்துச்சு, கடைசியா நாம வந்தோம்."

"எல்லாம் ரெடியானப்புறம் வந்து குந்திக்கினாங்க" என்றாள் ஜெகதாம்பாள்.

"ஆமா அத்தை."

"யாராச்சும் அதுக்கு ஒரு வார்த்த நல்லாச் சொன்னாங்களா?"

"மிதிச்சுட்டுப் போனாங்க."

ஜெகதாம்பாள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப இங்க இன்னா இருந்துச்சு? கல்லு. வெறுங்கல்லு. அடுப்பு வெக்க மண்ணுகூட நான்தான் ஏரியில இருந்து சுமந்தேன். இப்ப இந்தாளு என்னையே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறான்!"

விஜயகுமாரி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ராஜாராம் பூனையைப் பார்த்தார். கூட்டத்தில் அது ஒன்றுதான் அவரைக் குறை சொல்லாமல் இருந்தது.

சுவேதா சிரிக்கவில்லை. அவள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் படாத இடத்தில் கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை.

"வசந்த்," என்றாள் மெதுவாக. "இதுல இப்ப எதுவுமே இல்ல, இல்ல?"

"ஒண்ணும் இல்ல" என்றான் அவன் குற்றவாளியைப் போல. "கேசவன் நல்லாவே தேச்சுட்டான்."

"வெறும் பாறை."

"ஆமா."

"கரை ஏறுறதுக்கு முன்னாடி இருந்த மாதிரி." அவள் குரல் மாறியது. "எங்க கைடு மேடம் ஆரம்பத்துலேயே கேட்டாங்க. ஒண்ணுமே இல்லாத கல்லுல முதல்ல எது வருது, அது வந்தப்புறம் எது வருதுன்னு பார்க்க முடிஞ்சா, அது பெரிய விஷயம் சுவேதான்னு. யார் வீட்டுக் கிணத்தை நான் போய்த் தேய்க்கச் சொல்றது? எங்க கேட்டாலும் அடிக்க வருவாங்கன்னு விட்டுட்டேன். மாமா கேக்காமலேயே பண்ணி வெச்சிருக்காரு!"

ராஜாராமுக்கு முழுவதும் புரியவில்லை. ஆனால் தலைக்கு மேல் தொங்கிய கத்தி கொஞ்சம் நகர்ந்தது போல இருந்தது. "இன்னும் ஒரு கோட்டு வேணும்னா அடிச்சிடட்டுமாம்மா?" என்றார்.

"வேண்டாம்!" என்று நான்கு பேர் சேர்ந்து கத்தினார்கள்.

ஆனந்தன் சரிபார்க்கத் தொடங்கினார். "எப்படிப் பார்ப்ப?"

"தினமும் பார்க்கணும்பா. பனி காயறதுக்குள்ள, விடியற நேரத்துல."

"கல்பாக்கத்துல இருந்து முதல் பஸ் பிடிச்சாலும் வெயில் வந்துடுமே."

"வந்துடும்பா."

"நான் வேன் அனுப்புறேன்" என்றார் ராஜாராம். ஜெகதாம்பாள் அவர் காலை மிதித்தாள்.

"தினமும் வேன்ல வந்துட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார் ஆனந்தன். "இங்கேயே தங்கணும்னா... எப்படித் தங்குவ? எந்த முறையில?"

சொல்லிவிட்டு அவரே நின்றார். கணக்கு எங்கே போய் முடிகிறது என்று இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார். ஒவ்வொரு தரமும் ஒரே விடைதான் வந்தது போலிருக்கிறது, முகம் சுருங்கியது.

விஜயகுமாரி துவைக்கிற கல்லில் வைத்திருந்த வெற்றிலைத் தட்டைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். "மருமகளாத் தங்குவா. வேற எந்த முறை? தையிலேயே முடிச்சிடுங்க. இல்லன்னா அந்தப் பச்சை இவளுக்கு முன்னாடி குடித்தனம் வந்துடும்."

"தீசிஸ்?" என்றார் ஆனந்தன் பலவீனமாக.

"அது கிணத்துலதானே இருக்கு? எங்க ஓடிடும்?"

ஆனந்தன் தட்டை நீட்டினார். ராஜாராம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய வேகத்தில் ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கிணற்றுக்குள் விழுந்தது. தொபுக் என்று சத்தம் கேட்டதும் எல்லோரும் சுவேதாவைப் பார்த்தார்கள்.

"பரவாயில்ல மாமா" என்றாள் அவள். "ஆனா சுவர்ல படாம எடுங்க."

ராஜாராம் தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை எடுக்கப் போனார். வசந்த் அவர் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ வேணாம் நைனா. நீ போய்க் காப்பி குடி. இனிமே நீ இந்தப் பக்கமே வராத."