சோபாவுக்கு மேலே ஒரு கலைமான்

1

இந்தக் கதை எங்கள் ஊர் வால்புர்காவின் பிரேம் கடையில் பிறந்தது. தெய்வீக உந்துதல் எதுவும் இல்லை, மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். மியூனிக்கிலிருந்து வந்திருந்த ஒரு புதுத் தம்பதி அங்கே ஒரு படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். உங்களுக்கும் தெரிந்த படம்தான்: பின்னால் மலை, நடுவில் பனிமூட்டம், முன்னால் கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து நிற்கும் கலைமான். சோபா வாங்குகிறவன் அதற்கு மேலே மாட்ட இதையும் வாங்க வேண்டும் என்று இந்த நாட்டில் சட்டம் இல்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் கீழ்ப்படிந்து வருகிறோம்.

"ஏம்மா, இது எதுக்கு இப்படிக் கத்துது?" என்றாள் மணப்பெண்.

"பொண்டாட்டியக் கூப்பிடுது," என்றாள் வால்புர்கா. "கட்டிலுக்கு மேல மாட்டுங்க, வீட்டுக்கு நல்லது."

மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தினான், கலைமான் தனக்குப் பங்காளி என்பதுபோல. படம் விற்றுப்போயிற்று.

எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால்தான் எனக்குக் கதை வரும். [அன்பு பொங்கி எழுதுகிறேன் என்று சொல்லும் வாரப்பத்திரிகை எழுத்தாளன் புளுகன்.] இதை வரைந்தவன் யார் என்று அந்த இருவரும் கேட்கவேயில்லை. மூலையில் இருந்த பெயரைப் பிரேம் விழுங்கியிருந்தது. சரி, நானே ஒருவனை உண்டாக்கிக்கொள்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த இலையுதிர்காலத்தில் காடு தங்கத்தில் குளித்துக்கொண்டிருந்தபோது, செவெரின் ஆங்கர்மயர் என்ற ஏழை ஓவியன்..."

அடித்துவிட்டேன். காட்டைத் தங்கத்தில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டியே நான் எழுதும் வாரப்பத்திரிகையை அதன் ஆசிரியர் நடத்துகிறார். நானும் சேர்ந்து ஊற்ற வேண்டாம்.

இரண்டாவது: "செவெரின் விலங்குகளை நேசித்தான். விலங்குகளும் அவனை..."

அவன் நேசித்தானா? பிரபுக்களின் நாய்களைப் பட்டு மெத்தையில் உட்காரவைத்து, கழுத்தில் ரிப்பன் கட்டி வரைந்தவன் அவன். அந்த நாய்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவது: செவெரின், பிரபுக்களின் வேட்டைக்குக் கூடப் போய், சுட்டவர் மனம் குளிரும்படி சுடப்பட்டதை வரைந்து பிழைத்தவன்.

இது நிற்கும். அழகாக இல்லை, ஆனால் நிற்கும்.

3

ஒரு காலை பிரபு ஒரு கலைமானைச் சுடுகிறார். குண்டு மார்பில் படுகிறது, மான் விழவில்லை, புதருக்குள் போய்விடுகிறது. வேட்டைக்காரர் வழக்கப்படி உடனே பின்னால் ஓடக் கூடாது. அடிபட்டது எங்காவது விழுந்து ஓயட்டும் என்று, ஒரு பைப் புகைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எல்லோரும் பைப்பைப் பற்றவைக்கிறார்கள். புகைக்காத செவெரின் மட்டும் புதரை விலக்கிப் பார்க்கிறான். அங்கே கலைமான் வானத்தை நோக்கி அலறிக்கொண்டு...

பொய். என் மாமனார் வேட்டைக்காரர். மார்பில் அடிபட்ட மான் அலறாது என்பதை ஞாயிற்றுக்கிழமை வறுவலோடு சேர்த்துப் பரிமாறுவார். அது மூச்சுக்காகத்தான் வாயைத் திறக்கும். சத்தமே வராது.

ஆகவே செவெரின் பார்த்தது பிளந்த வாயும் மௌனமும்தான். மூக்கிலும் உதட்டிலும் சிவப்பு நுரை. யாருக்குப் பிடிக்கும் என்று யோசிக்காமல் அவன் வரைந்த ஒரே படம் அது. அதற்கு 'வியர்வை' என்று பெயர் வைத்தான்.*

(* நம் வேட்டைக்காரர்கள் வாயில் மிருகத்தின் ரத்தம் 'வியர்வை', கண் 'விளக்கு'. வாய் தவறி 'ரத்தம்' என்றவனைச் செத்த மானின் மேலேயே குப்புறப் போட்டு, வேட்டைக்கத்தியின் தட்டைப் பக்கத்தால் பின்புறத்தில் அடிப்பார்கள். கொன்றால் கைகுலுக்கல், பெயரைச் சொன்னால் அடி. இதற்கு நாம் பண்பாடு என்று பெயர் வைத்திருக்கிறோம்.)

4

அந்தப் படத்தைப் பிரதிகள் போட்டு விற்க எடுத்துப்போன அச்சகக்காரர் லாம்பர்ட் நகரத்து மனிதர். மானைத் தட்டில் மட்டுமே சந்தித்தவர். ஒப்புதல் கையெழுத்து வாங்க, முதல் அச்சுத்தாளோடு செவெரின் வீட்டுக்கு வருகிறார்.

"பிரமாதம் ஓவியரே! ஒரே ஒரு குறை. 'வியர்வை'ன்னு பேரு, வாயில பாத்தா சிவப்பு. சாயம் கொட்டிடுச்சுன்னு நம்ம ஆளுங்க எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டு?"

"வெள்ளையா ஆவி விட்டிருக்கோம். காலைக் குளிரு, பாருங்க."

"அது ரத்தம்யா!"

"அப்ப ரத்தம்னே எழுதியிருக்க வேண்டியதுதானே? விடுங்க, பேரையும் மாத்தியாச்சு. 'அழைப்பு'! எப்படி?"

செவெரின் தாளைப் பார்த்தான். செத்துக்கொண்டிருந்த மிருகம் காதலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சிவப்போட போடு."

"போட்டா? அதுக்குக் கீழ உக்காந்து எவன் கேக் சாப்பிடுவான்?"

"அப்ப நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"போடாதீங்க. உங்க படத்த உங்க சுவத்துல மாட்டி நீங்களே பாத்துக்கிட்டிருங்க. கையெழுத்துப் போட்டா நாடே பாக்கும்."

முடிச்சு இதுதான். கையெழுத்திட்டால் அவன் பார்த்தது எல்லா வீட்டுக்கும் போகும், பொய்யாக. மறுத்தால் உண்மையாகவே இருக்கும், ஒருவர் கண்ணிலும் படாமல்.

5

முடிவு அ: செவெரின் அச்சுத்தாளைச் சுக்குநூறாகக் கிழிக்கிறான். "அருமை!" என்றார் ஆசிரியர் தொலைபேசியில். "கிழிக்கும்போது இடி இடிக்கட்டும்." கிழித்திருந்தால், வால்புர்கா கடையில் தொங்கியது என்ன?

முடிவு ஆ: கையெழுத்திட்டுவிட்டு, குற்ற உணர்வில் குடித்தே... ஓவியனைக் குடிக்கவைத்துச் சாகடிப்பது எங்கள் தொழிலில் ரொம்ப சுலபமான வேலை. பேனாவுக்கு மை நிரப்புவதுகூட அதைவிடக் கடினம்.

முடிவு இ, கடைக்குப் போய்ப் படித்துக்காட்டியபோது வால்புர்கா சொன்னது: "போட்டிருப்பான்யா. போட்டுட்டு அடுத்து முயல் வரையப் போயிருப்பான். இதுக்குப் போய் இவ்ளோ பேப்பரா?"

"அந்தச் சிவப்பு?" என்று கேட்டேன்.

"சிவப்போட ஒண்ணு கொண்டா, பிரேம் போட்டுத் தர்றேன். உன் வீட்டுல மாட்டுவியா?"

"எங்க சுவர் பச்சை," என்றேன். "ஒத்துப்போகாது."

அவள் சிரித்த சிரிப்பை இங்கே எழுதப் போவதில்லை.

6

ஆக, செவெரின் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான். லாம்பர்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"சிவப்போட வாங்க ஒருத்தன்கூடவா இருக்கமாட்டான்?"

"நான் அச்சடிக்கிறவன் ஓவியரே. வாங்குறவங்களக் கேளுங்க."

கேட்கிறேன். உங்களைத்தான். 'ஆமாம், மாட்டுவேன்' என்று பத்திரிகைக்கு எழுதிப்போட்டுவிடாதீர்கள். அதை எல்லோரும் எழுதுவார்கள், தபால்காரர்தான் பாவம். இப்போது உட்கார்ந்திருக்கும் சோபாவிலிருந்தே அண்ணாந்து பாருங்கள். அந்த ஆணியில், அந்த வாயில், அந்தச் சிவப்பு. கீழே நீங்கள், கையில் காபி. இருக்கட்டும் என்றால் அவன் பேனாவைக் கீழே வைத்துவிடுவான். வேண்டாம் என்றால் கையெழுத்திடுவான்.

விருந்தாளிகள் என்ன சொல்வார்கள் என்று யோசிக்கிறீர்களா? மனைவியையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமா? நிதானமாகக் கேளுங்கள். செவெரின் காத்திருப்பான். கலைமான்தான் அவ்வளவு நேரம் தாங்காது.