நாற்பது ஜிபி ஆவுடையப்பன்

ஆவுடையப்பன் கணினிக்குள் இருந்த இன்னொரு கணினியில் வேலை பார்த்தார். காலையில் உள்ளே போவார், ஆறு மணிக்கு வெளியே வருவார். ஆயுத பூஜையன்று, நல்ல நாளும் அதுவுமாக இயந்திரத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அவர் மனைவி செண்பகவல்லி மெயினை அணைத்துவிட்டுப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். அவர் உள்ளே இருந்தது அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் பெட்டி எழுந்திருக்கவில்லை. இருந்த ஒரே புருஷன் நாற்பது ஜிபி கோப்பாக மிஞ்சினார். அவள் அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு வேறோர் இயங்குதளத்தின் அலுவலகத்துக்குப் போனாள்.

தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதும் நின்றது.

கவுன்டர்க்காரர் பென்டிரைவைக் காதில் வைத்துக் கேட்டார்.

"முறையா ஷட்டவுன் பண்ணலையேம்மா."

"நான்தான் சார் தெரியாம அணைச்சிட்டேன்."

"அப்போ வாசிக்க மட்டும்தான் அனுமதி. பார்க்கலாம். எதையும் மாத்த முடியாது."

சுவரில் ஒரு கதவைத் திறந்தார். உள்ளே ஆவுடையப்பன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். சட்டை கசங்கவில்லை. படபடப்பில் அங்கிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தாள். டம்ளரில் அளவு குறையவில்லை.

"ரொம்பப் பயந்துட்டியா?" என்றார் ஆவுடையப்பன்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

எழுந்தார். எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

"அவர் வரமாட்டாரும்மா," என்றார் கவுன்டர்க்காரர். "நகல் வேணா எடுத்துக்கோங்க."

நகல் எடுக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அதே மச்சம், அதே செருமல். நகல் வெளியே வந்து அவள் கையைப் பிடித்தார். கை சூடாக இருந்தது. அவள் அழுதேவிட்டாள்.

"ரெண்டு பேருக்கு இடமில்ல," என்றார் கவுன்டர்க்காரர். "அசலை அழிக்கணும், கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணி தாண்டினா ரெண்டும் போயிடும். அசலுக்கு ஆட்சேபம் இருந்தா எழுதிக் கொடுக்கலாம்."

மணி நாலு ஐம்பத்தெட்டு. உள்ளே இருந்தவர் ஆட்சேபப் படிவத்தை வாங்கி எழுதினார். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. பேனாவை உதறிவிட்டு இன்னும் அழுத்தி எழுதினார்.

"செண்பகம், எழுத மாட்டேங்குது."

"சார், அவர் வாயால சொல்றாரே!"

"எழுத்துல வரணும்மா."

நகல் அவள் காதருகே குனிந்தார். "சீக்கிரம் போடு. அவன் கடைசிவரைக்கும் எழுதுவான். என்னை எனக்குத் தெரியாதா?"

முள் நகர்ந்தது. இரண்டு பேரையும் இழக்க அவளுக்குத் தெம்பில்லை. போட்டாள்.

உள்ளே இருந்தவர் அவள் கையைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

"மழை வரும்போல இருக்கு," என்றார். "அவனை நனைய விடாதே. எங்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும்."

கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது. வெளியே தூறிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி முந்தானையை இழுத்து அவர் தலையை மூடினாள்.