முனியன் இல்லை, பெருமாள்

கனகம்மாசத்திரத்து வண்டிக்காரர் பெருமாளுக்குத் தானியேல் சாரை நினைத்தாலே கை தானாகக் கும்பிடும். கும்பிடாதா பின்னே? ஜெயிலிலிருந்து மீட்டவர் அல்லவா!

யுத்தம் முடிந்த வருஷம், ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணி மலையில் ஒரு அம்மாளின் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். "மொட்டைத் தலை, தலை பூராவும் சந்தனம்" என்று அடையாளம் சொன்னாள் அந்த அம்மாள். போலீசார் கையில் அகப்பட்ட மொட்டை, பெருமாள். அட ராமா, கிருத்திகை அன்று அந்த மலையில் மொட்டைக்கா பஞ்சம்? கோர்ட்டில் இதை ஒருத்தரும் கேட்கவில்லை. திருத்தணியில் துப்பறியும் கதைகள் எழுதிக்கொண்டிருந்த தானியேல் சார்தான் பத்திரிகையில் கட்டுரை எழுதிக் கேட்டார். "அன்றைக்குச் சந்தேகப்பட வேண்டியது முடியுள்ள தலையை" என்று வெளுத்து வாங்கியிருந்தார். அதைப் படித்த ஒரு வக்கீல் அப்பீலை எடுத்து நடத்த, பெருமாள் வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது சார் தம் கதைகளோடு உண்மை வழக்குகளையும் சேர்த்துப் புத்தகம் போடுகிறார் என்று கேள்விப்பட்டதும், பெருமாள் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு போய் நின்றார்.

"வெங்காயம் நறுக்கவே இவருக்குக் கை நடுங்கும். கதையில பாரு, கழுத்து கழுத்தா அறுத்துகினு இருக்காரு!" என்று சிரித்தார் சாரின் மனைவி மார்த்தாள்.

அச்சகத்திலிருந்து திருத்த வந்திருந்த தாள்களைச் சார் படித்துக் காட்டினார். பெருமாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடைசியில், "முனியன் நிரபராதி" என்று முடிந்தது.

"முனியன் யாருங்க?"

"நீதான்யா. உன் பேரு வெளிய வரக் கூடாதுன்னு மாத்திட்டேன்."

பெருமாள் கும்பிட்டபடியே சொன்னார்: "நல்ல மனசுலதான் செஞ்சீங்க. ஆனா ஊரு திருடன்னு சொன்னது பெருமாளைத்தானுங்களே? எம்பொண்ணு ரஞ்சிதத்துக்குப் பள்ளிப்பட்டுல மாப்ள பாத்துகினு இருக்கோம். அவங்க காதுலயும் வுழுந்திருக்குது. முனியன் வெளிய வந்துட்டான் சார். பெருமாளு இன்னும் உள்ளதான் கீறான்."

"கொலைகாரனையெல்லாம் கண்டுபுடிக்கிற ஆளு, இது தெரியல பாரு!" என்றார் மார்த்தாள். சார் பேனாவை எடுத்து முனியனை ஒரு இடம் விடாமல் அடித்தார். முதல் பக்கத்திலும் ஏதோ எழுதினார்.

தை மாதம் மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார், சேட்டு என்று பெயர், முகம் கொடுத்தே பேசவில்லை. "ஏதேதோ சொல்றாங்களே, வண்டிக்காரரே?" என்று இழுத்தார்.

பெருமாள் தாம்பூலத் தட்டை அவர் முன்னால் வைத்தார். வெற்றிலைக்கும் தேங்காய்க்கும் நடுவில் புத்தகம் இருந்தது. சேட்டு முதல் பக்கத்தை விரித்து உரக்கப் படித்தார்.

"செய்யாத குற்றத்துக்குச் சிறையிருந்த கனகம்மாசத்திரம் பெருமாளுக்கு."

பிறகு கட்டுரையைத் தேடியெடுத்து வரி விடாமல் படித்தார். பாதியில் அவர் கை தன் தலையைத் தடவியது.

"அடப்பாவமே! அந்த ஆடிக்கு நானுந்தான் மலையில மொட்டை போட்டேன். என்னைப் புடிச்சிருந்தா?" புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார். "எழுந்திரு பாவா, தட்ட மாத்திக்கலாம்" என்று மச்சான் முறையே கொண்டாடிவிட்டார்.

பெருமாளுக்கு அழுகையே வந்துவிட்டது. தட்டை எடுக்குமுன் திருத்தணி இருக்கும் பக்கம் திரும்பி ஒரு பெரிய கும்பிடு போட்டார். முருகனுக்குப் பாதி, தானியேல் சாருக்குப் பாதி.