ஒன்பதாவது பட்டை

வீரய்யாவின் பலகை மோட்டாரில் ஏறுகிறவர்களுக்கு ஊரில் ஒரு யோசனை சொல்வார்கள்: வாயில் வெற்றிலை இருந்தால் ஏறுவதற்கு முன்பே மென்று முடித்துவிட வேண்டும். பாதி வழியில் மென்றால் நாக்குக்குச் சேதம். சுமையில்லாத நாளில் அதில் ஏற்றிய தயிர்ப் பானையை வல்லத்திராக்கோட்டையில் இறக்கியபோது உள்ளே வெண்ணெய் திரண்டிருந்தது உண்மை. அதற்குக் கடைந்த கூலி என்று வீரய்யா எதுவும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

நாற்பத்து மூன்றாம் வருஷம், சண்டைக்காலம். யாரோ கைவிட்ட பழைய காரின் பின்பக்கத்தை அறுத்துப் பலகை அடித்த வண்டி அது. பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி அடுப்பின் புகையில் ஓடியது. ஊர் காட்டாற்றுக்கு அக்கரையில், வல்லத்திராக்கோட்டைக்குத் தெற்கே இருந்தது. கடலை மூட்டை ஏற்றினால் பின் வில் இரண்டும் படிந்துபோய், கல்லுக்குக் கல் அச்சு தட்டில் இடித்தது. வில்லுக்கு அடுக்கடுக்காக ஏழு இரும்புப் பட்டை. இன்னொரு பட்டை போட்டால் கல்லும் மேடும் தாங்கும் என்பது வீரய்யாவின் கணக்கு. கடையில் பட்டை கிடைக்கிற காலமில்லை. வில்வண்டிகளுக்குப் பட்டை அடித்துப் பழகிய ஆவுடையப்பன் ஆசாரியிடம் போனான்.

"பக்கத்துக்கு ஒரு பட்டை கூடப் போடுங்க ஆசாரி."

"ஏழும் ஒண்ணும் எத்தனை?"

"எட்டு."

"அந்தக் கணக்கு என் பட்டறையில கெடையாது."

எட்டு என்றால் ஆசாரிக்கு ஆகாது. எட்டாம் தேதி உலை மூட்டமாட்டார். கதவுக்கு எட்டு ஆணி போதும் என்றால் ஒன்பதாவதை ஒரு வேலையும் இல்லாத இடத்தில் அறைந்துவிட்டு வருவார். ஆக வில்லுக்கு ஒன்பது பட்டை ஆயிற்று. எட்டாவதற்கு முறையாக நடுத்துளை போட்டு மற்றவற்றோடு முடுக்கினார். ஒன்பதாவதை மட்டும் அடியில் வைத்து இரண்டு இரும்பு வளையங்களால் இறுக்கினார்.

பன்னிரண்டு மூட்டை ஏற்றினால் வண்டி ஊஞ்சல்போலப் போயிற்று. வெறுமனே போனால் வில் வளையவே வளையாது. கல்லில் பட்ட அடி அப்படியே மேலே வந்தது.

பட்டை போட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் செம்புரான்கல் ஏற்றிய மாட்டுவண்டிக்கு அடியில் படுத்து அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார் ஆசாரி. முட்டுக்கொடுத்த கட்டை வழுக்கி, வண்டி அவர் வலது தொடைமேல் இறங்கியது. எலும்பு வைத்தியர் குழந்தைசாமி வந்து தடவிப் பார்த்தார். மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கட்டிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. முனை ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல நிக்குது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஒரு ஒதறல் போதும், உள்ளுக்குள்ளயே ரத்தம் போயிரும்." பிறகு வீரய்யாவைப் பார்த்தார். "மாட்டுவண்டி போய்ச்சேர ராத்திரி ஆயிரும். கால் அதுவரைக்கும் தாங்காது. ஒன் வண்டிதான்."

வீரய்யா தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஊரிலேயே மோசமாக உதறுகிற வண்டி அவனுடையது. ஆசாரி செத்தால் கொன்றது கல்வண்டி இல்லை, வீரய்யாவின் மோட்டார்தான்.

சுமை வேண்டும். கடலை எல்லாம் போன வாரமே சந்தைக்குப் போயிருந்தது. மணலை மூட்டை கட்டலாம் என்றார் ஒருவர். ஆற்று மணலில் புதைந்தால் மூட்டை தானாக இறங்காது, ஆள் இறங்குவான் என்று வீரய்யா சொன்னான். பதினோரு பேர் ஏறினார்கள். திருப்பதியை இரண்டாக எண்ணினால் பன்னிரண்டு. திருப்பதி சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் தம் இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார், அப்படிப்பட்ட ஆள். பலகையோரமாக வரிசையாக உட்கார்ந்து நடுவில் வைக்கோல் பரப்பி ஆசாரியைக் கிடத்தினார்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டாள் அவர் மனைவி பிரகதாம்பாள். கால்பக்கம் குழந்தைசாமி உட்கார்ந்தார்.

"என் வில்லுமேல என்னையே ஏத்துறீங்க," என்றார் ஆசாரி. "நல்லாத்தான் அடிச்சிருக்கேன்."

வண்டி நல்லாத்தான் போயிற்று. கல்லைக் கண்டால் படிந்து, தாண்டி எழுந்தது. ஆற்றங்கரை வந்ததும் வீரய்யா வண்டியை நிறுத்தினான்.

முன்னால் அறுபது தப்படி தூரம் காய்ந்த மணல். மணல் முடிகிற இடத்தில் பாறை, படிபடியாக மேலே ஏறுகிறது. பதினோரு பேரோடு மணலில் இறங்கினால் சக்கரம் புதையும். இறக்கிவிட்டால் மணலில் நிற்காமல் ஒரே மூச்சாக ஓட்டிப் பாறையில் ஏறிவிட வேண்டும்; நடுவில் நிறுத்தி ஆள் ஏற்ற முடியாது. ஆசாரியைக் கையில் தூக்கிக் கடத்தலாமென்றால், மணலில் ஒருவர் கால் சறுக்கினால் போதும். வெறும் வண்டி பாறையில் ஏறினால் என்ன ஆகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தயிர்ப் பானைக்கும் தெரியும்.

குழந்தைசாமி ஆசாரியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "குளுந்து வருது. என்ன யோசனை?"

வீரய்யா பதினோரு பேரையும் இறங்கச் சொன்னான். வண்டியின் வால்பக்கத்தை ஆறு பேர் பிடித்துத் தூக்கினார்கள். திருப்பதி அடியில் குனிந்து முதுகைக் கொடுத்தார். "யாராச்சும் தும்முனீங்க, நான் ஆளா இருக்கமாட்டேன்," என்றார். வீரய்யா சுத்தியலோடு உள்ளே நுழைந்தான். இரும்பு வளையத்தில் முதல் தட்டு விழுந்தது.

"அது என் வளையம்ல," என்றார் ஆசாரி, மேலேயிருந்து.

அடுத்த தட்டு விழுந்தது.

"வீரய்யா. என்ன பண்ற?"

"ஒம்பதாவதக் கழட்டுறேன் ஆசாரி. எட்டா இருந்தா வெறும் வண்டிக்கும் வளைஞ்சு குடுக்கும்."

"எட்டுல என்னை ஏத்தாத. எறக்கு. இங்கிட்டே கெடக்கேன்."

"ரெண்டு கழட்டுனா ஏழாயிரும். ஏழுல பாறையில அச்சு இடிக்கும். எட்டுதான் சரி."

"எங்கப்பன் எட்டாந்தேதிதான் போனாரு."

"ஒங்கப்பாருக்குத் தொண்ணூத்தாறு வயசு," என்றாள் பிரகதாம்பாள். "அவருக்கு எந்தத் தேதியா இருந்தாலும் போதும்."

"நீ பேசாம இரு." ஆசாரி எழ முயன்றார். குழந்தைசாமி இரண்டு கையாலும் அவர் இடுப்பை அழுத்தினார். "அசையாதீங்க. அசைஞ்சா இப்பயே முடிஞ்சுபோகும்," என்றார். ஆசாரியின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. ஆனாலும் தோளை நெளித்துக்கொண்டே இருந்தார். அவரைக் கட்டிப்போட்டு ஓட்டினாலும் முண்டுவார், முண்டினால் எலும்பு நகரும் என்பது வீரய்யாவுக்குப் புரிந்தது.

கழற்றிய இரண்டு பட்டைகளோடு வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தான். முழ நீளம்கூட இல்லை, லேசான வளைவு. மூங்கில் தப்பையைப் பார்த்தான். பட்டையைப் பார்த்தான்.

"வைத்தியரே, இத அந்தத் தப்பைக்கு மேல வச்சுக் கட்டுவீங்களா?"

குழந்தைசாமி ஒன்றை வாங்கி வளைக்கப் பார்த்தார். அது அசையவில்லை. "மூங்கிலவிடத் தேவலை," என்றார்.

"ஆசாரி, கீழ எட்டு இருக்கு. ஒம்பதாவது ஒங்க தொடைமேல இருக்கு. ரெண்டும் ஒரே வண்டிலதான் போகுது. எண்ணிப் பாருங்க."

ஆசாரி கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஆற்றங்கரையில் பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்; வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அவர் இடது வில்லை ஒரு தடவை, வலது வில்லை ஒரு தடவை எண்ணினார். பிறகு கண்ணைத் திறந்தார்.

"எடது வில்லுப் பட்டைய எடது பக்கம் கட்டு. மாத்திக் கட்டுனா கணக்கு வராது."

வண்டியை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, வைக்கோல் திரித்துச் சுற்றி, துண்டைக் கிழித்துக் கட்டினார்கள். பதினோரு பேரும் வேட்டியை மடித்துக்கொண்டு மணலில் இறங்கி நடந்தார்கள். குழந்தைசாமியும் பிரகதாம்பாளும் மட்டும் வண்டியில் இருந்தார்கள்.

வீரய்யா கரி அடுப்பை நன்றாக ஊதி, வண்டியை மணலில் இறக்கினான். பாதி தூரத்தில் சக்கரம் கனத்தது. என்ஜின் இருமியது. நிறுத்தினால் போச்சு. அதட்டினாலும் போச்சு; சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். முட்டையைப் பிடித்த கைபோல மிதியைப் பிடித்திருந்தது அவன் கால். வண்டி நடந்தது, நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பக்கத்தில் வந்த திருப்பதி அதைத் தாண்டிப் போனார். பிறகு முன்சக்கரம் பாறையைத் தொட்டது. ஏறியது. அடுத்து பின்சக்கரம்.

ஒரு படி. இரண்டாவது படி. வில் படிந்து நிமிர்கிற முனகல் காதில் விழுந்தது. மூன்றாவது படியில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, தொங்கி, மெதுவாக உட்கார்ந்தது.

கரை.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. வீரய்யா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கை விட மறுத்தன. பிரகதாம்பாள் அழுகிறாளா என்று காதைத் தீட்டினான். அழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"வீரய்யா."

ஆசாரியின் குரல்.

"வலது பக்கம் அஞ்சாவது பட்டையில கிறீச்சுங்குது. எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு?"

"நாலு நாளாச்சு, ஆசாரி," என்றான் வீரய்யா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை அவிழ்த்து, இரும்பைத் தட்டிப் பார்த்து, யார் இப்படிக் கட்டியது என்று கேட்டாராம். குழந்தைசாமி தாம்தான் என்றார். யோசனை யாருடையது என்று டாக்டர் கேட்கவில்லை, குழந்தைசாமியும் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து ஆசாரி தாங்கித் தாங்கிப் பட்டறைக்கு வந்தார். வீரய்யா அந்த இரண்டு பட்டைகளையும் மறுபடி மாட்டச் சொல்லவில்லை, ஆசாரியும் கேட்கவில்லை. வில்லுக்கு ஒன்பது பட்டைதானே என்று யாராவது கேட்டால், ஒன்பதுதான் என்பார் ஆசாரி. மீதி ஒன்று எங்கே என்று கேட்டால், பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிற இரண்டையும் காட்டுவார், இடதுபக்கத்தில் இடது, வலதுபக்கத்தில் வலது.

வீரய்யாவின் மோட்டார் ஆற்றுப் பாறையில் ஏறுகிற நேரத்தில் அந்த இரண்டும் சுவரில் லேசாக அதிரும். ஆறு அங்கிருந்து ஒன்றரை மைல். சந்தேகப்பட்டவர்கள் பட்டறைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். திரும்பி வந்து தங்கள் வீட்டுக் கதவின் ஆணிகளை எண்ணியிருக்கிறார்கள்.