அரை மணி நேரம்

விடியும்போது டாக்டர் ஸ்டூலின் மேல் நின்று ஒரு மனிதனின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு நூறு முறை. முழங்கை மடங்கக் கூடாது. தொடங்கிய சிறிது நேரத்திலேயே ஒரு விலா எலும்பு உள்ளங்கைக்கு அடியில் முறிந்தது. நிறுத்தவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு படுக்கை, ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ். அவள் தளர்ந்தால் பெரிய நர்ஸ் ஏறினாள். பெரிய நர்ஸ் தளர்ந்தால் அவள். நாற்பது நிமிடம். ஜன்னல் வெளுத்தது. திரையில் கோடு எழவில்லை.

அவன் லாரி ஓட்டுநர். முப்பத்தாறு வயது. காலையில் வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டிருந்தான். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தாள்.

வெளியே அவன் மனைவி பிளாஸ்கோடு நின்றாள். பாலை ஆற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் விஷயத்தைச் சொன்னாள். மனைவி மூடியைத் திருகித் திறந்தாள். மறுபடி மூடினாள்.

சுவரில் விதி ஒட்டியிருந்தது. இறப்புக்குப் பின் அரை மணி நேரத்தில் படுக்கை தயாராக வேண்டும். துடைக்க, காய, விரிப்பு மாற்ற. டாக்டருக்கு நேரம் எதுவும் குறிக்கப்படவில்லை.

கை கழுவிக்கொண்டு ஏழாம் படுக்கைக்குப் போனாள். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியும் முதியவர். மருந்துச் சீட்டு எழுதினாள். மேலே லாரி ஓட்டுநரின் பெயர். கீழே அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த, ரத்தத்தை இளக்கும் ஊசி.

கணக்கு மூடிய நோயாளிக்கு மருந்து தர மருந்தகத்தின் கம்ப்யூட்டர் மறுத்தது. சீட்டு திரும்பி வந்தது. அதன் நகல் மாடியில் முதலாளியின் அறைக்குப் போனது.

"டாக்டர், இந்தப் பேர்ல இப்ப இங்க யாரும் இல்லை" என்றாள் பெரிய நர்ஸ், மெதுவாக.

டாக்டர் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிதானமான, அழகான கையெழுத்து. முதியவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி முதலாளி கூப்பிட்டார். அவரும் டாக்டர்தான். நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. மேசையில் கடிதம் தயாராக இருந்தது. மனநிலை சரியில்லாததால் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்.

"தப்பு செஞ்சது உண்மை சார். மனநிலைன்னு ஏன் எழுதியிருக்கீங்க?"

"சாவைப் பார்த்துக் கலங்கறவங்களுக்கு இது தொழில் இல்லைம்மா. நானும் எத்தனையோ பார்த்தவன். ஒரு சாவுக்காவது உக்காந்து அழுதிருப்பேனா?"

"அதையா பெருமையா சொல்றீங்க?"

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "நாலு மணிக்குள்ள."

மனநிலை என்ற அந்த ஒரு சொல் போதும். வேறு எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது.

மதியம் ஷிஃப்ட் மாறும் நேரம். ஓய்வறை நிறைந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிடப் போகிறேன் என்றாள். சிலர் அதுவே நல்லது என்றார்கள். சிலர் டிபன் பாக்ஸைப் பார்த்தார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் மட்டும் சிரித்தார். எல்லோருக்கும் அவர் தள்ளுவண்டி அண்ணன்.

"ஒரு சீட்டுக்கே இப்படியா? நான் ஒரு தடவை பொணத்தை எக்ஸ்ரே வரிசையில நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டேன். டோக்கனும் குடுத்துட்டாங்க. பதினாலாம் நம்பர்."

அறை சிரித்தது. அன்று செத்தது யார் என்று யாரோ கேட்டார்கள். அவருடைய மகள் வயதில் ஒரு பெண் என்றார். சிரிப்பு நின்றது.

பெரிய நர்ஸ் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஒரு குழந்தை இறந்த மறுநாள், அதே வீட்டுக்குத் தானே போன் செய்து, தடுப்பூசிக்குக் கூட்டி வாருங்கள் என்று சொன்னாளாம். தாய் சரி என்று சொல்லிவிட்டு வைத்தாளாம்.

மயக்க மருந்து டாக்டர் அதிகம் பேசாதவர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் 'மயக்கம்'. பிரசவத்தில் ஒரு தாய் போன நாளில், அடுத்த ஆபரேஷனுக்கு ஆக்சிஜன் குழாயை மாட்ட மறந்தார். இருபது நொடி. யாரும் பார்க்கவில்லை.

"ஆறு வருஷமாச்சு. வீட்டுல கூடச் சொன்னதில்லை" என்றார்.

அவள் ஒரு தாளை அவர் முன்னால் வைத்தாள். "எழுதுங்க சார். நான் மட்டும் இல்லைன்னு மாடிக்குத் தெரியட்டும்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். தாள் கைமாறியது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் திரும்பி வந்து பேனா கேட்டார். பதினேழு தவறுகள், பதினேழு கையெழுத்துகள்.

நாலு மணிக்கு அவளோடு மூன்று பேர் மாடி ஏறினார்கள். முதலாளி முழுவதும் படித்தார்.

"தெரிஞ்சுதான் எழுதினீங்களா? இதை வெச்சு உங்க எல்லாரையும் அனுப்பலாம்."

"அனுப்பலாம் சார். நாளைக்கு ஆபரேஷனுக்கு ஒன்பது பேர். தூங்க வைக்க நீங்க வந்துடுங்க" என்றார் மயக்கம்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"படுக்கைக்கு அரை மணி நேரம் குடுக்கறீங்க" என்றாள் அவள். "அதுக்குப் பக்கத்துல நின்னவங்களுக்கும் குடுங்க. அந்த நேரம் அவங்க நோயாளிகளை இன்னொருத்தர் பார்ப்பாங்க. அப்புறம், இந்தக் கடிதம் வேண்டாம்."

அவர் இரண்டு தாள்களையும் ஒரே டிராயரில் போட்டுப் பூட்டினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் பதில் வரவில்லை. அவள் வேலைக்கு வந்தாள்.

பதினொரு மணிக்குக் குழந்தைகள் வார்டில் ஒரு குழந்தை போனது. அங்கிருந்த டாக்டர் அடுத்த நோயாளியின் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தார். அவள் கீழே இருந்து ஓடி வந்திருந்தாள். தன் பன்னிரண்டு படுக்கையையும், இரண்டு ஆபரேஷனுக்கு இடையில் வந்திருந்த மயக்கத்திடம் விட்டிருந்தாள். அவரிடமிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனை படுக்கை?"

"ஒன்பது. ஏன், ஆர்டர் வந்துடுச்சா?"

"வரலை. நீங்க உக்காருங்க."

அவர் நின்றார். எப்படி உட்காருவது என்றே தெரியாதவரைப் போல நின்றார். பெரிய நர்ஸ் வராந்தாவில் நாற்காலி போட்டாள். தள்ளுவண்டி அண்ணன் இன்னொன்றை இழுத்துப் போட்டு, தான் முதலில் உட்கார்ந்தார். டாக்டரும் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முழங்கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின.

முதலாளியின் மேனேஜர் லிஃப்டிலிருந்து இறங்கினார். யார் யார் அங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். வார்டு கதவில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவரும் கலையவில்லை.

தள்ளுவண்டி அண்ணன் டாக்டரின் முதுகில் வைத்த கையை எடுக்காமலே மேனேஜரிடம் தன் முழுப் பெயரைச் சொன்னார்.

"இனிஷியலையும் போட்டுக்கங்க" என்றார்.