நான்காவது ஜோடி

ராய் பெட்டர்டன் என் மேசையில் ஒரு காகிதத்தை விரித்து, மூலைக்கு ஒன்றாக என் பிடிக்கட்டைகளையே அதன்மேல் பாரமாக வைத்தார். கான்சாஸ் துப்பாக்கிச் சந்தைகளில் நான் துப்பாக்கி விற்பதில்லை; அவற்றின் பிடியில் இருபுறமும் திருகும் பழைய மரக்கட்டைகளை மட்டும் விற்கிறேன்.

அவர் மனைவி வெர்னா பெரிய கடையொன்றில் திருடர்களைக் கண்காணிக்கும் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவர். கைப்பையில் வைத்திருந்த குட்டைக்குழல் ரிவால்வரின் கட்டை உடைந்த பிறகு ரப்பர் பிடிதான். அதன்பின் வந்த ஒவ்வொரு திருமண நாளுக்கும் ராய் ஒரு ஜோடி மரக்கட்டை வாங்கித் தந்திருக்கிறார். மூன்றும் பொருந்தவில்லை.

“நாலாவதும் சேரலன்னா துப்பாக்கியவே வித்துடுவேன்னுட்டா. அதான் இந்தத் தடவ அளவோட வந்திருக்கேன்.”

காகிதத்தில் பிடியைச் சுற்றி வரைந்திருந்த கோடு அடிப்பக்கம் உப்பியிருந்தது. ரப்பரைக் கழற்றாமல் வரைந்திருக்கிறார்.

வெர்னா கையில் ஆப்பிள் பலகாரத் தட்டுடன் வந்து எட்டிப் பார்த்தார். “பூட்ஸோட கால அளந்திருக்கார் பாருங்க. இவரோட நாப்பத்தோரு வருஷம்.”

குண்டு போட முடியாதபடி சந்தை வாசலில் கட்டிவிட்ட மஞ்சள் பட்டையோடு ரிவால்வரை என்னிடம் தந்தார். குண்டு உருளை காலி என்று மூவரும் பார்த்துக்கொண்டோம். ரப்பரைக் கழற்றியதும் விஷயம் புரிந்தது. இதே ரிவால்வரைப் பிற்காலத்தில் செய்தபோது பிடியின் இரும்புச் சட்டத்தைக் குட்டையாக்கிவிட்டார்கள். வெர்னாவுடையது முந்தைய நீளச் சட்டம். ராய் வாங்கியவை மூன்றும் குட்டைக்கானவை.

நீளச் சட்டத்துக்கு என்னிடம் ஒரே ஒரு வால்நட் ஜோடிதான் இருந்தது. வலது கட்டையின் உட்புறம் வேறு யாருடைய துப்பாக்கி எண்ணோ பென்சிலில் இருந்தது. பரவாயில்லை, சட்டம் ஒன்றுதான். அடியில் இருக்கும் சிறு ஆணி கட்டையின் குழியில் உட்கார வேண்டும், உட்கார்ந்தது. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சக் கீற்று இல்லை.

ராய் மேசைமேல் குனிந்திருந்தார். திருகாணியை அவரிடமே கொடுத்தேன். பழைய மரம், இறுக்கினால் விரியும். தடுக்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அங்கேயே நிறுத்தினார்.

வெர்னா பலகாரத் தட்டை என் மேசையில் வைத்துவிட்டு, குழலைத் தரைக்குத் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் மரத்தை மேலும் கீழும் தடவினார்.

“வித்துடட்டுமா?” என்றார் ராய்.

“வாய மூடு.”

மூன்று விரல்கள் மரத்தைச் சுற்றியிருந்தன. அவ்வளவு சின்னப் பிடியில் இடம் கிடைக்காத சுண்டுவிரல் மட்டும் கீழே காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. ராய் தன் சுண்டுவிரலை அதில் கோத்துக்கொண்டார்.